பழைய ஃபேஷன் படங்களை நேரில் போய் என்னத்தைப் பார்ப்பது?

அடுத்த வாரம் தங்கையோடு ஒரு அருங்காட்சியகத்துக்குப் பழைய ஃபேஷன் புகைப்படக் கண்காட்சி பார்க்கப் போகிறீர்கள். அவளுக்குத் துணிமணி என்றால் உயிர், உங்களுக்கு ஃபேஷனும் தெரியாது, புகைப்படக் கலையும் தெரியாது. அங்கே மாட்டியிருக்கப் போகிற பாதிப் படங்களை ஃபோனிலேயே பார்த்தாகிவிட்டது, பிறகு கால் கடுக்க நின்று என்னத்தைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அங்கே தொங்குகிற படங்களில் ஏறக்குறைய எல்லாமே கூலிக்குச் செய்த வேலை. யாரோ தைத்த உடுப்பை நாலு பேர் வாங்க வேண்டும் என்று, ஒரு பத்திரிகை ஆள் வைத்து, கெடு வைத்து எடுக்கச் சொன்ன படங்கள். சுவரில் மாட்டுவதற்காக யாரும் எடுக்கவில்லை, ஒரு மாதம் கடையில் இருந்துவிட்டுப் பழைய பேப்பரோடு போய்ச்சேர வேண்டிய பக்கங்கள் அவை. அதனால் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, இதில் என்ன காட்டச் சொல்லியிருப்பார்கள், இவர் என்ன காட்டியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது நல்ல விளம்பரம், அவ்வளவுதான், அடுத்ததற்கு நகரலாம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கே நில்லுங்கள். ஃபேஷன் தெரியாததால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

லிலியன் பாஸ்மன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கதை இதற்குப் பொருத்தம். 1940-களின் கடைசியில் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ பத்திரிகைக்காக பாரிஸ் உடுப்புகளை எடுத்தார். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது சில இடங்களை வேதிப்பொருள் வைத்து வெளுக்க வைப்பார், சில இடங்களை மங்கலாக்குவார். கடைசியில் உடுப்பு என்பது மையில் இழுத்த ஒரு தீற்றல் மாதிரி நிற்கும். அப்போது ஆசிரியராக இருந்த கார்மல் ஸ்னோ, நீ இங்கே கலை படைக்க வரவில்லை, பொத்தானையும் ரிப்பனையும் காட்ட வந்திருக்கிறாய் என்று கடிந்துகொண்டாராம். பிற்காலத்தில் பாஸ்மனே அந்த வேலையில் வெறுத்துப்போய் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை ஒழித்துக்கட்டிவிட்டார், மிச்சம் ஒரு மூட்டையில் கட்டிப் போட்டது 1990-களின் தொடக்கத்தில் தற்செயலாக அகப்பட்டது. அந்த நெகட்டிவ்களிலிருந்து அவரே எழுபது வயதுக்கு மேல் மறுபடி புதிதாகப் பிரிண்ட் போட்டார், முன்னைவிடத் துணிச்சலாக, பொத்தான் ரிப்பன் எதையும் கண்டுகொள்ளாமல். இன்று அருங்காட்சியகங்கள் தேடி மாட்டுவது அந்த மறு பிரிண்ட்களை.

இப்போது ஃபோன் விஷயம். படத்துக்கு அடியில் இருக்கும் சின்ன அட்டையில் சில சமயம் இரண்டு வருஷம் போட்டிருக்கும்: எடுத்தது 1955, பிரிண்ட் போட்டது 1978 என்கிற மாதிரி. பலரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் நான் முதலில் தேடுவதே அதைத்தான். எடுத்த வருஷத்தை ஒட்டியே போட்ட பிரிண்ட் என்றால் அது பெரும்பாலும் சிறியதாக, ஒரு புத்தகப் பக்கம் அளவில் இருக்கும். அச்சகத்துக்குக் கொடுத்து பிளாக், அதாவது அச்சுத் தகடு, எடுப்பதற்காகப் போட்டது. வேலை முடிந்தால் தூக்கிப் போடலாம். இருபது முப்பது வருஷம் கழித்துப் போட்டது என்றால், அதற்குள் இது கலை என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது, சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள், ஆகவே பெரிதாக, அழகாக, எத்தனையாவது பிரதி என்று எண் போட்டுக் கையெழுத்திட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். நெகட்டிவ் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஃபோன் திரையில் இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

பழைய சில்வர் ஜெலட்டின் பிரிண்டை, அதாவது வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் போட்ட வழக்கமான கருப்பு வெள்ளைப் பிரிண்டை, நேராக நின்று பார்த்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள். ஓரங்களில், கருப்பு அடர்ந்த இடங்களில், நீலம் கலந்த உலோக மினுமினுப்பு ஒன்று தெரியலாம். காகிதத்தில் இருக்கும் வெள்ளி வருஷக்கணக்கில் மேலே ஏறி வந்து படிந்தது அது. அதே சாய்வில், மாடலின் கன்னத்திலோ பின்னணியிலோ பளபளப்பு விட்டுப்போன புள்ளிகள் சில தென்படலாம். ஒற்றை முடித் தூரிகையில் மை தொட்டு ஒருவர் உட்கார்ந்து தூசியையும் சுருக்கத்தையும் மறைத்த இடங்கள் அவை. படத்தில் கைவைத்து அழகாக்குவது கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடங்கியது என்று நினைப்பவர்களை இந்தப் புள்ளிகள் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

இர்விங் பென் என்ற புகைப்படக்காரரின் படங்கள் இருந்தால், அட்டையில் பிளாட்டினம் அல்லது பிளாட்டினம்-பல்லேடியம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 1960-களிலிருந்து அவர் தன் பழைய நெகட்டிவ்கள் பலவற்றை இந்த முறையில் மறுபடி பிரிண்ட் போட்டார். காகிதத்தில் உலோக உப்புக் கலவையைக் கையாலேயே பூசி, நெகட்டிவை அதே அளவுக்குப் பெரிதாக்கி மேலே ஒட்ட வைத்து ஒளி காட்ட வேண்டும். ஒரு தடவை பூசி முடித்ததன் மேல் இன்னொரு தடவை பூசி மறுபடி காட்டினால் கருப்பு இன்னும் ஆழமாகும், ஆனால் நனைந்த காகிதம் சுருங்கி, கோடு கோட்டோடு பொருந்தாமல் போய்விடும். அதற்காகக் காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டு வேலை செய்தார். படம் காகிதத்தின் நாருக்குள்ளேயே ஊறிக் கிடப்பதால் துளி பளபளப்பு கிடையாது. கருப்பு கம்பளியில் எத்தனை கருப்பு இருக்கிறது என்று அதில்தான் தெரியும், திரையில் அது வராது. நேரில் போவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

அறை மங்கலாக இருக்கிறதே என்று எரிச்சல்பட வேண்டாம். ஒளி பட்டால் காகிதமும் வண்ணமும் கெடும் என்பதால் இப்படிப்பட்ட படங்களுக்குப் பல இடங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அருகேதான் விளக்கு வைப்பார்கள், ஒரு சாதாரண அலுவலக அறை இதைப்போல் ஏழெட்டு மடங்கு வெளிச்சமாக இருக்கும். உள்ளே போனதும் ஐந்து நிமிஷம் ஒன்றையும் உற்றுப் பார்க்காமல் சும்மா நடங்கள், கண் பழகிவிடும். அந்த ஐந்து நிமிஷத்திலேயே மொத்தக் கண்காட்சியையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவது என் வழக்கம், ஒரு அட்டையும் படிக்காமல். முதன்முதலில் இப்படி ஒரு கண்காட்சிக்குப் போனபோது வாசலிலிருந்து ஒவ்வொரு அட்டையாக மனப்பாடம் செய்கிறவன் மாதிரி படித்துக்கொண்டே போனேன், மூன்றாவது அறையில் கண் பூத்துவிட்டது, நல்ல படங்கள் எல்லாம் ஐந்தாவது அறையில் இருந்தன. ஒரு சுற்று முடித்து, கால் தானாக நின்ற பத்துப் படங்களுக்குத் திரும்பிப் போங்கள். இருநூறு படம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒன்றும் இல்லை.

பெரும்பாலும் காலவரிசையில்தான் மாட்டியிருப்பார்கள். தொடக்கத்தில் எட்வர்ட் ஸ்டைகன் 1911-இல் உடை வடிவமைப்பாளர் பால் புவாரேயின் உடுப்புகளை எடுத்த படங்கள் இருக்கலாம், நவீன ஃபேஷன் புகைப்படம் இங்கே தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். பக்கத்திலேயே பாரன் டி மேயர். ‘வோக்’ பத்திரிகை முதன்முதலில் முழுநேரமாக வைத்துக்கொண்ட புகைப்படக்காரர் அவர், பின்னாலிருந்து ஒளி விட்டு, மென்மையாக்கும் லென்ஸ் போட்டு, எல்லாவற்றையும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி எடுப்பார். எனக்கு அவரிடம் பெரிய ஈடுபாடு கிடையாது, இரண்டு படம் பார்த்தால் போதும். ஆனால் அந்த இரண்டைப் பார்த்துவிட்டு, 1923-இல் ‘வோக்’கை வெளியிடும் கோண்டே நாஸ்ட் நிறுவனத்தில் தலைமைப் புகைப்படக்காரராகச் சேர்ந்த பிறகு ஸ்டைகன் எடுத்தவற்றுக்கு வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும்: நேர்க்கோடுகள், கூர்மையான நிழல், துணியின் மடிப்பு எண்ணக்கூடிய அளவுக்கு. ‘வோக்’ முகப்பு அட்டையில் வந்த முதல் வண்ணப் புகைப்படமும் அவருடையதுதான், 1932 ஜூலை, நீச்சலுடையில் ஒரு பெண் பந்தைத் தூக்கிப் பிடித்திருப்பாள்.

அடுத்து ஹோய்னிங்கன்-ஹூன். 1930-இல் எடுத்த ஒரு படம் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்: நீச்சலுடையில் ஒரு ஆணும் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தூரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடல் கிடையாது. பாரிஸில் ‘வோக்’ ஸ்டுடியோவின் மொட்டை மாடி அது. வானமும் கடலும் சேரும் கோடு என்று நாம் நினைப்பது கைப்பிடிச் சுவரின் விளிம்பு. இது தெரிந்த பிறகும் எனக்குக் கடல்தான் தெரிகிறது, எத்தனை முறை பார்த்தாலும். நீச்சலுடையைக் காட்டு என்றால் முகமே காட்டாமல், கடலும் இல்லாமல் எடுத்திருக்கிறார். அந்த ஆண் மாடலாக உட்கார்ந்திருப்பவர் ஹோர்ஸ்ட், பிற்காலத்தில் அவரே பெரிய புகைப்படக்காரர் ஆனார்.

அந்த ஹோர்ஸ்ட், மெயின்போஷர் என்ற வடிவமைப்பாளரின் கார்செட்டை எடுத்த படத்துக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். 1939 ஆகஸ்ட், பாரிஸ். ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், தலை குனிந்திருக்கிறது, கார்செட்டின் நாடா அவிழ்ந்து பலகையின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குகிறது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் ஓர் உடுப்பை விற்க வேண்டிய படம், அது தளர்ந்து அவிழும் கணத்தைக் காட்டுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மூலப் படத்தில் கார்செட் ஒரு பக்கம் உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும். பத்திரிகையில் வந்தபோது அந்த இடைவெளியை மறைத்து, ஒட்டியிருப்பது போலத் திருத்திவிட்டார்கள், ஏனென்றால் சரியாகப் பொருந்தாத கார்செட்டை யார் வாங்குவார்கள்? இன்று சுவர்களில் தொங்குவது பெரும்பாலும் திருத்தாத படம், இடைவெளியோடு. இதை எடுத்து முடித்த கையோடு ஹோர்ஸ்ட் பாரிஸை விட்டுக் கிளம்பினார், செப்டம்பர் முதல் தேதி போர் தொடங்கிவிட்டது. அதனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தின் முடிவு என்றெல்லாம் இந்தப் படத்தைப் பற்றி உருகுவார்கள். உருகட்டும். நீங்கள் ஒளி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள், அவ்வளவு எளிதாகப் பிடிபடாது.

இவர்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் பெரிய மரக் கேமராக்கள், ஒரு நெகட்டிவே கிட்டத்தட்ட 20-க்கு 25 சென்டிமீட்டர். பின்னாலிருக்கும் மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும், கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், அதுவரை மாடல் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். 1930-களின் ஸ்டுடியோப் படங்களில் எல்லோரும் சிலை மாதிரி இருக்கிறார்களே என்று தோன்றினால், பாதிக் காரணம் அழகு பற்றிய கொள்கை, மீதிப் பாதி இந்தக் கேமரா.

மார்ட்டின் முன்காச்சி வந்து அதை உடைத்தார். ஹங்கேரிக்காரர், விளையாட்டுப் போட்டிகளை எடுத்துப் பழகியவர். 1933-இல் கார்மல் ஸ்னோ அவரை ‘ஹார்ப்பர்ஸ் பஜாருக்கு’ அழைத்தார், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கடற்கரை, குளிர்காலம் நெருங்கும் நாள், நீச்சலுடையின் மேல் ஒரு மேலங்கி போட்ட மாடல். அவருக்கு ஆங்கிலம் வராது. என்ன சொல்கிறார் என்று யாருக்கும் முதலில் புரியவில்லை, கடைசியில் சைகையால்தான் விளங்கியது: ஓடி வா என்கிறார். மாடல் ஓடினாள், மேலங்கி பின்னால் பறந்தது, அந்த ஆண்டு டிசம்பர் இதழில் படம் வந்தது. உடுப்பு சரியாகத் தெரிகிறதா என்றால் தெரியவில்லை, கொஞ்சம் கலங்கிக்கூட இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் ஓடலாம் என்று தெரிகிறது, ஸ்டுடியோவில் எத்தனை விளக்கு வைத்தாலும் அது கிடைக்காது. டோனி ஃப்ரிஸெல், லூயிஸ் டால்-வுல்ஃப் இருவரும் வெளியில், வெயிலில் எடுத்த படங்களை இதற்குப் பிறகு பார்த்தால் தொடர்ச்சி தெரியும். ஃப்ரிஸெல் 1947-இல் ஃப்ளோரிடாவில் ஒரு நீரூற்றுக் குளத்துக்குள் எடுத்த படம் ஒன்று உண்டு, நீண்ட வெள்ளை உடையில் ஒரு பெண் தண்ணீருக்குள் மல்லாந்து மிதப்பாள், முகம் மட்டும் நீருக்கு மேலே, நமக்குத் தெரியாது. டால்-வுல்ஃப் வண்ணத்தில் பெரிய ஆள், பத்திரிகையிலிருந்து வரும் அச்சு மாதிரிகளின் நிறத்தை விடாமல் சரி பார்த்துக்கொண்டிருப்பாராம்.

போர்க்காலப் படங்கள் ஒரு சுவரில் இருக்கும், அங்கே சிரிப்பு நின்றுவிடும். செசில் பீட்டன் 1941-இல் எடுத்தது: குண்டு விழுந்து நொறுங்கிய லண்டன் கட்டடத்தின் முன், கச்சிதமாகத் தைத்த கோட்டு சூட்டில் ஒரு பெண் இடிபாடுகளைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்பாள். ஃபேஷனை அழிக்க முடியாது என்று தலைப்பு. வீறாப்பான படம்தான், எனக்குக் கொஞ்சம் நெருடவும் செய்யும். லீ மில்லர் கதை இன்னும் விசித்திரம்: 1927-இல் ‘வோக்’ அட்டையில் ஓவியமாக வந்த முகம், பிறகு மாடல், பிறகு கேமராவுக்குப் பின்னால், கடைசியில் அதே பத்திரிகைக்காகப் போர் நிருபராகப் போய் 1945-இல் டாஹாவ் வதைமுகாமைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படங்கள் ‘வோக்’கிலேயே வந்தன, உடுப்பு விளம்பரங்கள் வரும் அதே பத்திரிகையில்.

ரிச்சர்ட் அவெடான் என்ற புகைப்படக்காரரின் படங்கள் முன்னால் கூட்டம் இருக்கும். டோவிமா என்ற மாடலும் யானைகளும், 1955 ஆகஸ்ட், பாரிஸில் ஒரு சர்க்கஸ் கூடாரக் கட்டடம். யானைகளின் காலில் சங்கிலி இருப்பதைப் பாருங்கள், ஃபோனில் பார்த்தவர்கள் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். சுருக்கம் விழுந்த தோல், அதன் நடுவே வழுவழுவென்று கருப்பு உடை, வெள்ளை இடுப்புப் பட்டை. உடை டியோர் நிறுவனத்தினுடையது, அதை வரைந்தது அப்போது அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பத்தொன்பது வயது இவ் சான் லோரான். அந்தப் பட்டை விழுந்திருக்கும் விதம் சரியில்லை, யானைக் காலின் அசைவோடு சேர்ந்து வீசியிருக்க வேண்டும் என்று அவெடானுக்குக் கடைசி வரை குறை. முதலில் சொன்ன இரண்டு வருஷக் கணக்கு இங்கே வருகிறது: 1978-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் கண்காட்சிக்காக இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமாக ஒரு பிரிண்ட் போட்டார், அது 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்குப் போனது. வாங்கியது யார் என்றால், டியோர் நிறுவனமே. 55 வருஷம் முன் விளம்பரத்துக்காகத் தன் உடையைக் கொடுத்த நிறுவனம், அந்தப் படத்தையே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

அதே காலத்தில் பென் நேர் எதிர்த் திசையில் போனார். யானை வேண்டாம், சர்க்கஸ் வேண்டாம், தெரு வேண்டாம். 1950-இல் பாரிஸில் ஒரு பழைய புகைப்படப் பள்ளியின் மேல் மாடியில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பழைய நாடக அரங்கத் திரையைப் பின்னால் தொங்கவிட்டு எடுத்தார். அந்தத் திரையை அப்புறம் பல பத்தாண்டுகள் கூடவே வைத்திருந்தார். சாம்பல் நிறத் திட்டுகள் தவிர அதில் ஒன்றும் கிடையாது. உடுப்பைக் காட்டு என்றால் உடுப்பை மட்டும்தான் காட்டினார், ஆனால் அவ்வளவு பிடிவாதமாகக் காட்டியதில் அது உடுப்பு என்பதே மறந்து ஏதோ ஜாடி போல, சிற்பம் போல ஆகிவிட்டது. நான் மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு இவரிடம் உதைக்கும், ஒப்புக்கொள்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்தே எங்கோ போனவர் இவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம். படத்தின் ஓரங்களில் திரை முடிகிற இடமும், ஸ்டுடியோ தரையும் சில பிரிண்ட்களில் தெரியும், அவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்.

சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிகளில் பழைய பத்திரிகைகளைத் திறந்து வைத்திருப்பார்கள், கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் படங்கள் பிறந்த வீடு அதுதான். நெருங்கிப் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும், சுவரில் இருக்கும் பிரிண்டில் அவை கிடையாது. அதைவிட முக்கியம், படத்தில் எதை வெட்டினார்கள், பக்கத்தில் எங்கே வைத்தார்கள், எழுத்து எங்கே போயிற்று என்பது. ‘ஹார்ப்பர்ஸ் பஜாரில்’ 1934 முதல் 1958 வரை கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி ப்ரோடவிச், பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார், காகிதச் செலவு பற்றிக் கவலைப்படாதவர் போல. ஒரு மூலையில் மாடல், எதிர் மூலையில் நாலு வரி. அந்த வெள்ளை இல்லாமல் அவெடானின் தாவும் பெண்களைக் கற்பனை செய்வது எனக்குக் கஷ்டம். ‘வோக்’ பக்கம் அதே வேலையில் அலெக்ஸாண்டர் லீபர்மன். எர்வின் ப்ளூமன்ஃபெல்டின் 1950 ஜனவரி அட்டை கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஜீன் பாட்செட் என்ற மாடலின் கருப்பு வெள்ளைப் படம் அது. மூக்கு, கன்னம், முகத்தின் எல்லை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு கண், புருவம், உதடு, ஒரு மச்சம், இவ்வளவுதான் மிச்சம் வைத்தார்கள். ஆனாலும் முகம் முழுசாகத் தெரிகிறது.

உங்கள் தங்கையை உங்களுக்கு முன்னால் நடக்க விடுங்கள். துணி தெரிந்தவர்களுக்கு இந்தப் படங்களில் தெரிவது வேறு. இது சாட்டின், இது குறுக்கு வெட்டில் தைத்தது, அதனால்தான் இப்படி விழுகிறது என்று அவள் சொல்வாள், அதைக் கேட்ட பிறகு ஒளி ஏன் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது உங்களுக்குப் புரியும். உடுப்பு மாடலுக்கு எப்படி இவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று அவள் வியந்தால், முதுகுப் பக்கம் ஊசியும் கிளிப்பும் வைத்து இழுத்துப் பிடித்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். மாடல் திரும்பி நின்றால் கதை கந்தல்.

இல்லாதவர்களையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முதல் நான்கைந்து அறைகளில் கருப்பினப் பெண் ஒருவர்கூட இல்லாமல் போகலாம், அது கண்காட்சி அமைத்தவரின் மறதி அல்ல, பத்திரிகைகளே அப்படித்தான் இருந்தன. பிரிட்டிஷ் ‘வோக்’ அட்டையில் முதல் கருப்பின மாடலாக டோன்யேல் லூனா வந்தது 1966 மார்ச், அமெரிக்க ‘வோக்’ அட்டையில் பெவர்லி ஜான்சன் வந்தது 1974 ஆகஸ்ட். கார்டன் பார்க்ஸ் மாதிரி ஒரு கருப்பினப் புகைப்படக்காரர் 1940-களிலேயே ‘வோக்’குக்கு உடுப்புகளைப் படம் எடுத்திருக்கிறார், அவர் படம் இருந்தால் நின்று பாருங்கள். படத்துக்கு அடியில் இருக்கும் சின்ன அட்டைகளில் உடுப்பு தைத்தவர் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், போட்டுக்கொண்டு நின்ற பெண்ணின் பெயர் பல சமயம் இருக்காது. கார்செட் படத்து முதுகுக்குச் சொந்தக்காரரை மேடம் பெர்னோன் என்று மட்டும் குறிப்பிடுவார்கள். லிசா ஃபோன்ஸாக்ரீவ்ஸ் ஒரு விதிவிலக்கு: நடனம் கற்ற ஸ்வீடன்காரர், 1939-இல் ஈஃபில் கோபுரத்தின் இரும்புச் சட்டத்தில் ஒரு கையால் பிடித்துத் தொங்கியபடி ப்ளூமன்ஃபெல்டுக்கு நின்றவர், பிறகு பென்னின் பல படங்களில் நின்றவர், 1950-இல் அவரையே மணந்துகொண்டவர். தன்னை வெறும் துணி மாட்டும் ஹேங்கர் என்று சொல்லிக்கொண்டவர் அவர். வேறு வேறு ஆட்கள் எடுத்த அவருடைய படங்கள் ஒரே கண்காட்சியில் கிடைத்தால் ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள், உடம்பை எப்படி நிறுத்துவது என்பதில் பாதி வேலை அவர் செய்தது என்று தெரியும்.

1960-க்குப் பிறகு வரும் அறைகளில் நான் வேகமாக நடப்பேன், அது என் குறை. வில்லியம் க்ளைன் ரோமில் கோடு போட்ட உடையில் இரண்டு பெண்களைச் சாலையின் வரிக்கோடுகளில் நடக்கவிட்டுத் தூரத்திலிருந்து எடுத்த படம், ஹெல்முட் நியூட்டன் 1975-இல் பாரிஸ் சந்து ஒன்றில் இரவில் ஆண்பிள்ளை பாணி சூட்டில் ஒரு பெண்ணை நிறுத்தி எடுத்த படம், இரண்டும் இருந்தால் பாருங்கள். மீதியைத் தங்கை முடிவு செய்யட்டும்.

கடைசியாக, படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிளாஷ் எங்கேயும் கூடாது, மற்றபடி அந்தந்தக் கண்காட்சியின் விதி, வாசலில் எழுதியிருக்கும். அனுமதி இருந்தால்கூட படங்களை எடுக்காதீர்கள், கண்ணாடியில் உங்கள் தலைதான் விழும், நல்ல பிரதி கேட்லாக்கில் இருக்கிறது. எடுப்பதானால் படத்துக்கு அடியில் இருக்கும் அட்டைகளை எடுங்கள். அப்புறம், எங்காவது ஒரு பிரிண்டின் பின்பக்கத்தையும் தெரியும்படி வைத்திருந்தால் அதை எடுங்கள்: பத்திரிகையின் முத்திரை, தேதி, எத்தனை அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும் என்ற கணக்கு, இங்கே வெட்டு என்று மெழுகுப் பென்சிலில் யாரோ அவசரமாக இழுத்த சிவப்புக் கோடு.